ஜான்சன் கட்டிய, யார் கண்ணிலும் படாத கடை

ஓரிக்கை ஜான்சனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அவனை யாராவது கேலி பேச வாயைத் திறந்தால், அவர்களை முந்திக்கொண்டு அவனே பேசிவிடுவான். "நான் ஒரு வெப்சைட் கட்டினேன்பா. அவ்ளோ அழகு. மொத்தம் மூணு பேரு பார்த்தாங்க. மூணு பேரும் ஒரே வீட்டுல குடி இருந்தோம்" என்று டீக்கடையில் ஆரம்பித்தானானால், டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார். இந்தக் கதையை அவன் வாயால் கேட்காத ஆள் ஊரில் இல்லை. ஆனால் சொல்லும்போது ஒரே ஒரு இடத்தை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடுவான். அந்த இடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

அவன் அப்பா முனுசாமி வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அம்மா அன்னம்மாள் பாலாற்றங்கரை வயல்களில் நாற்று நட்டவள். இருவரும் சேர்ந்து மகனை காஞ்சிபுரத்தில் பி.சி.ஏ. படிக்க வைத்தார்கள். ஜான்சன் சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தான். "எங்கப்பா ஒரு நாளைக்கு நூறு மூட்டை தூக்கினாரு. நான் பதினோரு வருஷமா ஒரு பட்டனை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் நகர்த்திக்கினு இருந்தேன்" என்பது அந்த வேலையைப் பற்றி அவனுடைய தீர்ப்பு. கொரோனாவில் வீட்டிலிருந்தே வேலை செய்து ருசி கண்ட பிறகு, திரும்பவும் ஆபீசுக்கு வரச் சொன்னபோது, இங்கே உட்கார்ந்தே உலகத்தைக் கூப்பிடுகிறேன் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். வெப்சைட் கேட்டு உலகத்திலிருந்து வந்தது ஒரு பல் டாக்டரும் ஒரு டுடோரியல் சென்டரும்தான்.

அவன் மனைவி நதியாவுக்குக் கையில் தொழில் இருந்தது. அதற்கு ரஃபூ என்று பெயர். கிழிந்த பட்டை அதே பட்டின் இழையை எடுத்துத் திரும்ப நெய்து மூடுவது. புடவையின் உள்முனையில், இடுப்பில் செருகி மறைந்துபோகிற இடத்திலிருந்து, தலைமுடி மாதிரி ஒவ்வொரு இழையாக உருவி, மெல்லிய ஊசியில் கோத்து, முதலில் நெடுக்கில் பாவு, பிறகு குறுக்கில் ஊடை என்று ஓட்ட வேண்டும். வாலாஜாபாத்தில் ஒரு பாயம்மாவிடம் பதினாறு வயதில் கற்றுக்கொண்டது. செய்த இடம் தெரிந்தால் அது ரஃபூ இல்லை, ஒட்டு. நதியா செய்த இடத்தை நதியாவைத் தவிர யாராலும் காட்ட முடியாது.

காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பின்கட்டு அறையில் அவள் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து அதைச் செய்தாள். அடுக்கும்போது ஆணியில் மாட்டியது, வாடிக்கையாளர் வளையலில் இழுத்தது, தறியிலிருந்தே பழுதாக வந்தது எல்லாம் அவளிடம் வரும். மறுநாள் புத்தம் புதுசாக முன்பக்கத்து அலமாரிக்குப் போகும். அப்படி ஒருத்தி பின்னால் இருக்கிறாள் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது கடையின் சட்டம். சூப்பர்வைசர் பழனி அவளை 'ரஃபூ' என்றுதான் கூப்பிடுவார். சம்பள நோட்டிலும் அவள் பெயர் ரஃபூதான்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் ஜான்சன் வீரவசனம் பேசினான். "நீ இன்னாத்துக்கு அந்த இருட்டு ரூம்ல குந்திக்கினு இருக்கே? உன் பேர்ல நான் ஒரு சைட் போடறேன். கிழிஞ்ச பட்டு எந்த ஊர்ல இருந்தாலும் உன் கிட்ட வரும்." நதியா ஒரு வாரம் யோசித்தாள். அவளுக்கும் தன் பெயரில் ஒரு பலகை பார்க்க ஆசைதான். கடையில் போய், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொன்னாள். பழனி கெட்டவர் இல்லை. "தை ஒண்ணு வரைக்கும் உன் இடம் காலியா இருக்கும்மா. அதுக்குள்ள வந்துட்டா வந்துடு. வராட்டி வேற ஆளைப் போட்டுருவேன்" என்றார்.

நதியா வீட்டுக்கு வந்து புருஷனிடம் கணக்கை நேராகச் சொன்னாள். "தை ஒண்ணுக்குள்ள ஒரே ஒரு புடவை வரணும். நமக்குத் தெரியாத ஆளு, தானா தேடிப் பார்த்து, தானா கொண்டாந்து குடுக்கணும். வந்தா நான் இங்கயே இருக்கேன். வரலைன்னா நான் அந்த ரூமுக்கே போயிடுவேன், அப்புறம் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"ஒண்ணா? நூறு வரும் பாரு" என்றான் ஜான்சன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவன் யானைகூட இல்லை.

அவன் கட்டிய தளம் நிஜமாகவே அழகுதான். திறந்ததும் ஒரு அரக்குப் பட்டு திரை முழுக்க விரியும். அதில் ஒரு கிழிசல். ஒரு ஊசி மிதந்து வரும். விரலால் அந்த ஊசியைத் தொட்டு இழுத்தால், இழுத்த வேகத்துக்கு ஏற்பக் கிழிசல் இழை இழையாக மூடிக்கொள்ளும். கடைசியில் பொன் எழுத்தில் 'இழைகளின் மறுபிறப்பு' என்று வரும். எழுத்தெல்லாம் எழுத்தாக இல்லை, ஓவியமாக வரைந்திருந்தான். எதைத் தொட்டாலும் பக்கம் மாறாது, முகவரி மாறாது, எல்லாம் ஒரே இடத்தில் வழுக்கிக்கொண்டு நடக்கும். அன்னம்மாள் ஒரு நாள் முழுக்க ஊசி இழுத்து விளையாடினாள்.

அதே சமயம் மாடியில் நதியாவுக்கு ஷீட் போட்டு ஒரு வேலை அறையும் எழும்பிக்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்து நாக்கை நீட்டியபடி ஒரு திருஷ்டி பொம்மையை அன்னம்மாள் கட்டித் தொங்கவிட்டாள். "கர்த்தர் காப்பாத்துவாரு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா தெருக்காரங்க கண்ணு இருக்குது பாரு, அது பொல்லாதது" என்பது அவளுடைய இறையியல். நதியாவும் மாமியார் கட்சி. "மேல ரூம் மாதிரிதான் இதுவும். முடியாத வேலையை ஊர் கண்ணுல காட்டாதீங்க. திறக்குற அன்னிக்குக் காட்டுனா போதும்" என்றாள்.

வேறு யாராவது என்றால், முடியும்வரை தளத்தை இணையத்தில் ஏற்றாமல் சும்மா இருந்திருப்பான். ஜான்சனுக்கு அது பத்தாது. வித்தை காட்ட வேண்டும். ஏற்றிவிட்டு, பக்கத்தின் தலைமாட்டில் ஒரு வரி எழுதினான். கூகுள் மாதிரித் தேடுபொறிகளுக்கு மட்டும் புரியும் வரி. 'இந்தப் பக்கத்தை உங்கள் ஏட்டில் குறிக்க வேண்டாம்' என்று அர்த்தம். தளத்துக்கு அவன் கட்டிய திருஷ்டி பொம்மை அது. அதோடு விட்டானா? திறப்பு விழா நேரம் வந்ததும் அந்த வரியைத் தானாகவே அழித்துவிடும்படி தளத்துக்குள் ஒரு நிரலும் எழுதிவைத்தான். நவம்பர் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து பதினோரு மணி. போதகர் வந்து லேப்டாப் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். ஜான்சன் தன் பிரவுசருக்குள் எட்டிப் பார்த்தான். வரி போயிருந்தது. கேசரி சாப்பிட்டார்கள்.

பிறகு காத்திருந்தார்கள். பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. கூகுளில் என்ன தேடினாலும் அந்தத் தளம் வரவில்லை. 'காஞ்சிபுரம் ரஃபூ' என்று தேடினால் பிரியாணிக் கடை வந்தது. 'நதியா ரஃபூ' என்று பெயரையே போட்டால் யார் யாரோ நதியா வந்தார்கள், இவள் வரவில்லை. வருகை எண்ணிக்கை நாற்பத்தொன்று என்று காட்டியது. அதில் முப்பத்தேழு ஜான்சன், ஒன்று நதியா. மூன்று அன்னம்மாள், ஊசி இழுப்பதற்காக.

"இன்னாங்க ஆச்சு?" என்று நதியா கேட்டாள்.

ஜான்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு விளக்கம் கொடுத்தான். கோயில் ஊரில் பிறந்தவனுக்கு அந்த விளக்கம் சுலபமாக வாயில் வந்தது. "சன்னதியில அலங்காரம் நடக்கும்போது திரை போட்டிருப்பாங்க இல்ல? நம்ம சைட் அப்படித்தான். உள்ள எல்லாம் இருக்குது. ஆனா போனுக்குப் போய்ச் சேர்றப்போ வெறும் திரைதான் போவுது. போன்ல இருக்குற பிரவுசர் நம்ம நிரலை ஓட்டி, புடவை, ஊசி எல்லாம் அங்கயே ஜோடிக்குது. மனுஷன் ரெண்டு நிமிஷம் நிப்பான், திரை விலகும், பார்ப்பான். கூகுள் அனுப்புற ஆளு அப்படி நிக்க மாட்டான். அவனுக்குக் கோடி வீடு போகணும். திரையைப் பார்த்துட்டு, 'அப்புறம் வரேன்'னு சீட்டு எழுதி வெச்சிட்டுப் போயிடுவான். அப்புறம்னா எப்பன்னு அவனுக்கே தெரியாது."

"அப்ப அலங்காரத்தை முன்னாடியே முடிச்சுட்டுத் திறந்து வெக்க வேண்டியதுதானே."

"அதைத்தான் பண்ணப் போறேன்" என்றான், அந்த யோசனை தனக்கே முதலில் வந்த மாதிரி.

சொன்னதில் தப்பில்லை. அதைச் செய்ய பத்து நாள் எடுத்துக்கொண்டதுதான் கொடுமை. பார்க்கிறவன் போனில் ஜோடிப்பதற்குப் பதிலாக, தளம் இருக்கிற சர்வரிலேயே பக்கத்தை முழுசாக ஜோடித்து அனுப்புகிற மாதிரி எல்லாவற்றையும் பிரித்து மாற்றிக் கோத்தான். அந்தப் பத்து நாளும் எதிரில் யார் வந்தாலும் இதைப் பற்றிப் பாடம் எடுத்தான். பல் டாக்டரிடம் பல்லைக் காட்டப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு பேசினான். டுடோரியல்காரரின் தளத்தைப் பார்த்து "இதெல்லாம் ஒரு வேலையா, கூகுளுக்கு எப்படிக் காட்டணும்னே தெரியலையே" என்று உச்சுக்கொட்டினான். டுடோரியல்காரரின் தளம் கூகுளில் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

மாற்றி முடித்தும் ஒன்றும் அசையவில்லை. மார்கழி பிறந்துவிட்டது. இந்தச் சமயத்தில்தான் ஜான்சன் ஒரு சின்னத் தில்லுமுல்லும் செய்தான். நண்பன் கமலைக் கூப்பிட்டு, அவனுடைய அண்ணியின் தங்கையை ஒரு புடவையோடு அனுப்பச் சொன்னான். நதியாவுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. நெட்டில் பார்த்து வந்தேன் என்று அவள் மனப்பாடமாகச் சொன்னாள். நதியா புடவையை வெளிச்சத்தில் பிடித்தாள். கிழிசலின் ஓரத்தை ஒரு தடவை விரலால் வருடினாள்.

"இது கிழிஞ்சது இல்லமா. கத்தரிக்கோல்ல வெட்டுனது. நேத்து சாயங்காலம் வெட்டுனது" என்றாள். பிறகு புடவையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழே எட்டிக் கூப்பிட்டாள். "அத்தை, உங்க மாம்பழக் கலர் பட்டு பெட்டியில இருக்குதான்னு பாருங்க."

அன்னம்மாள் அன்றைக்கு மகனைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு கிறிஸ்துமஸ் ஸ்டார்கூட ஆடியது என்று ஜான்சனே சொல்வான். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். நதியா மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மாமியாரின் புடவையை இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்து மடித்துக் கொடுத்தாள். இது கணக்கில் சேராது என்று மட்டும் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள், நதியாவின் போன் இனி இடமில்லை என்று அடம் பிடித்தது. மெயிலில் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் படிக்காமல் கிடந்தது. பாத்திரம் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள். அழிப்பதற்கு முன் கேட்டுக்கொள்கிற பழக்கம் அவளுக்கு.

"லோன் வேணுமான்னு கேக்குறான், வேணுமா?"

"வேணாம்."

"செருப்பு ஆஃபராம்."

"வேணாம்."

"இது கூகுள்ல இருந்து வந்துக்கீது. இதே மாதிரி அஞ்சாறு கிடக்குது. 'நோ-இண்டெக்ஸ்' குறி இருக்குது, அதனால உங்க பக்கத்தைச் சேர்த்துக்கலைன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கான். நோ-இண்டெக்ஸ்னா இன்னாங்க? வேணுமா?"

ஜான்சன் போனை வாங்கிப் பார்த்தான். தளம் நதியாவின் பெயரில் இருக்க வேண்டும் என்று கூகுளில் அவள் மெயிலைத்தான் கொடுத்துப் பதிந்திருந்தான். அதை மறந்தும் போயிருந்தான். முதல் கடிதம் டிசம்பர் நாலாம் தேதி வந்திருந்தது. கேசரி தின்ற பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"அந்த வரியை அழிச்சிட்டேனே. நான் பார்த்தேனே" என்று முனகிக்கொண்டே போய் லேப்டாப்பைத் திறந்தான். இத்தனை நாளும் அவன் பார்த்தது பிரவுசர் ஜோடித்து முடித்த பக்கத்தை. முதல் தடவையாக, சர்வரிலிருந்து கிளம்புகிற மூலப் பக்கத்தை எடுத்து, மேலிருந்து வாசித்தான். ஐந்தாவது வரியில் உட்கார்ந்திருந்தது. 'குறிக்க வேண்டாம்.'

நடந்தது இதுதான். கூகுள் ஆள் வாசலுக்கு வருகிறான். வராதே என்று எழுதியிருக்கிறது. மரியாதையாகத் திரும்பிப் போய்விடுகிறான். அந்த எழுத்தை அழிக்கும் நிரல் உள்ளே இருக்கிறது. அவன் உள்ளே வந்து அதை ஓட்டினால்தான் எழுத்து அழியும். ஜான்சன் வீட்டைப் பூட்டி, சாவியைப் பத்திரமாக வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தான். பத்து நாள் சர்வரில் ஜோடித்ததெல்லாம் அந்த வரிக்குக் கீழேதான் கிடந்தது. ஊரில் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை இவன் செய்ததோடு நிற்கவில்லை, போதகரை வைத்து ஜெபமும் பண்ணியிருந்தான்.

விஷயத்தைச் சொன்னதும் நதியா எழுந்துபோய் மாடி ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள். "அந்தப் பொம்மையும் இன்னும் அங்கதான் தொங்குது. நாம குடி வந்து ஒரு மாசம் ஆச்சு. உள்ள குந்திக்கினு இருக்குறவங்களுக்கு எங்க தெரியுது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஜான்சனுக்குத் தேவலை. அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

வரியை அழிக்க அவனுக்கு நாலு நொடி ஆயிற்று. பொம்மையை அவிழ்க்க ஏணி தேட வேண்டியிருந்ததால் அரைமணி.

அதற்குப் பிறகுதான் நதியா தளத்தை உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டாள். "இதுல எங்க எலி?"

"எலியா?"

"பட்டுப் புடவைக்கு வர்ற முதல் எமன் எலிதான். அப்புறம் கொலுசுல மாட்டறது, ஊதுவத்தி நெருப்பு படறது, பீரோ கதவுல சிக்கறது. 'இழைகளின் மறுபிறப்பு'ன்னு எவ தேடுவா? வீட்டுல புடவை போச்சுன்னு வயிறு எரிஞ்சிக்கினு இருக்குறவ, எலி கடிச்சிடுச்சு இன்னா பண்றதுன்னுதான் தேடுவா. கூகுள் ஆளு இப்ப உள்ள வந்தான்னே வெச்சுக்கோங்க, அவன் படிக்க இங்க இன்னா இருக்குது?"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் என்று ஒரு ஆள் உண்டென்றால், அது தான்தான் என்று ஜான்சன் அன்றைக்கு முடிவு செய்தான். நதியா ஊசி ஓட்டிக்கொண்டே சொல்லச் சொல்ல, அவன் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினான். எலிக்கு ஒரு பக்கம், அதற்கென்று ஒரு முகவரி. நெருப்புக்கு ஒரு பக்கம். கொலுசுக்கு ஒரு பக்கம். ஓவியமாக வரைந்த எழுத்தையெல்லாம் நிஜ எழுத்தாக மாற்றினான். எலி கடித்த புடவையை உடனே துவைக்கக் கூடாது, கடித்த ஓரத்தை வெட்டி நேராக்கக் கூடாது, அப்படியே பேப்பரில் சுற்றி வைக்க வேண்டும், உள்முனையில் இரண்டு விரல்கடை துணி இருந்தால் இழை கிடைக்கும் என்று அவள் சொன்னதை அப்படியே எழுதினான். ஊசி இழுக்கும் விளையாட்டை மட்டும், அம்மாவுக்காக, ஒரு மூலையில் விட்டுவைத்தான்.

ஆறாம் நாள் எலிப் பக்கம் கூகுளில் தலைகாட்டியது. ஜான்சன் பக்கத்து வீட்டுப் போனில், டீக்கடைப் போனில் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டு வந்தான். வந்தது. ஆனால் தேடுகிற ஆள் வர வேண்டுமே. ஊரில் எலிகள் திடீரென்று ஒழுக்கமாகிவிட்டதுபோல இருந்தது. ஜனவரி பத்து போயிற்று, பதினொன்று போயிற்று.

அவன் டீக்கடையில் தாண்டிவிடுகிற இடம் இதுதான். போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வந்தபோது, நதியா தன் பழைய சாப்பாட்டு டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் எடுக்காத டப்பா. பக்கத்தில் ஊசிப் பெட்டி துணியில் சுற்றித் தயாராக இருந்தது. அவள் அழவில்லை, குறை சொல்லவில்லை. மூடியின் ரப்பர் போய்விட்டது, புதுசு வாங்க வேண்டும் என்றாள். ஜான்சனுக்கு அந்த நேரத்தில் ஒரு நக்கலும் வாயில் வரவில்லை. தன்னை எத்தனை கேலி பேசினாலும், இருட்டு அறைக்குத் திரும்பிப் போகப் போவது தான் இல்லை, அவள்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கடைக்குத் திரும்பப் போய் ரப்பர் வாங்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் போகி. விடியற்காலையில் தெருவெல்லாம் பழைய பாய் எரித்த புகை. பத்து மணி வாக்கில் ஒரு வெள்ளைக் கார் ஓரிக்கைத் தெருவுக்குள் திணறித் திரும்பி வந்து நின்றது. அறுபது வயது அம்மாள் ஒருவர், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். மாடிப்படியில் அவர் ஏறி வருவதைப் பார்த்ததும் நதியா எழுந்து நின்றுவிட்டாள். அந்த ஜவுளிக்கடை முதலாளியின் மனைவி பெரியநாயகி. வெள்ளிக்கிழமைகளில் கல்லாப் பக்கம் வந்து உட்காருவார். பின்கட்டு அறையின் கதவிடுக்கு வழியாக நதியா பன்னிரண்டு வருஷம் அவரைப் பார்த்திருக்கிறாள்.

"நதியாங்கிறது யாரும்மா?"

"நான்தாம்மா."

பெரியநாயகி பொட்டலத்தைப் பிரித்தார். மயில்கழுத்து நிறத்தில் பட்டு. "என் பையன் கல்யாணத்துக்கு நான் கட்டினது. எட்டு வருஷம் ஆச்சு. போகிக்குப் பரண் ஒழிச்சா, எலி இந்த வேலை பண்ணி வெச்சிருக்குது. மருமக தூக்கிப் போடுங்கன்றா. மனசு வரல. போன்ல எலி கடிச்ச பட்டுன்னு தமிழ்ல பேசித் தேடினேன், நீ வந்தே. துவைக்காதேன்னு போட்டிருந்தே, துவைக்கல. வெட்டாதேன்னு போட்டிருந்தே, வெட்டல. இந்த மாதிரி பொறுப்பா யாரு சொல்றா?"

ஜான்சன் வாசலிலேயே நின்றான்.

நதியா கடித்த இடத்தைப் பார்த்தாள். பிறகு உள்முனையைப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு விரல்கடை அகலத்துக்கு இழை உருவியிருந்தது. அவள் முந்தானைப் பக்கம் போய், சரிகைக் கொடிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் கையை வைத்து நிறுத்தினாள்.

"சரி பண்ணிடலாம்மா. உங்க கடையிலயே குடுத்திருக்கலாமே" என்றாள்.

"கேட்டேனே. பழனி கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். பின்னாடி ஒரு ஆளு இருந்தாங்களாம், நின்னுட்டாங்களாம். பேரு இன்னாய்யான்னா அவனுக்குத் தெரியல. ஆம்பளையா பொம்பளையான்னுகூட நான் கேட்டுக்கல."

"பொம்பளைதான். நான்தாம்மா அது."

பெரியநாயகி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "எவ்ளோ நாளா இருந்தே?"

"பன்னெண்டு வருஷம். இதோ, இந்தக் கொடி பக்கத்துல ஆணி மாட்டி நாலு விரல் கிழிஞ்சிருந்துச்சு. நான்தான் போட்டேன்."

அந்த அம்மாள் குனிந்து, மூக்கு படுகிற அளவுக்குப் புடவையைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. புடவையை அவள் கையில் கொடுத்துவிட்டு, "எப்ப வரட்டும்மா?" என்றார். பத்து நாள் என்றாள் நதியா. இறங்கிப் போகும்போது அவர் படியில் நின்று, சுவரில் சாய்த்து வைத்திருந்த பெயர்ப்பலகையை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போனார்.

கார் போனதும் ஜான்சனுக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. கணக்குச் சொன்னவள் கறார்க்காரி. நமக்குத் தெரியாத ஆள் என்று சொல்லியிருந்தாள். வந்ததோ பன்னிரண்டு வருஷம் தெரிந்த ஆள். லண்டனிலிருந்து வரும், அமெரிக்காவிலிருந்து வரும் என்று அளந்தவனுக்கு, அதே கடையிலிருந்து வந்து நிற்கிறது. அவனே மெதுவாகக் கேட்டான். "நதி, இது கணக்குல சேருமா? உனக்குத் தெரிஞ்சவங்களாச்சே."

நதியா ஜன்னல் வெளிச்சத்தில் பாயைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு வருஷம் அவங்க கடைக்குள்ளயே குந்திக்கினு இருந்தேன். அவங்களுக்கு என்னைத் தெரியல. இதைவிடத் தெரியாத ஆளை நீங்க எந்த ஊர்ல போய்த் தேடுவீங்க?" என்றாள்.

பிறகு ஊசிப் பெட்டியைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். போனை எடுத்துப் பழனியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, அந்த இடத்துக்கு நாளைக்கு வேற ஆளைப் போட்டுக்கோங்க. நதியா பேசறேன்."

"நதியாவா? எந்த நதியா?" என்றார் பழனி.

"தேடிப் பாருங்கண்ணே," என்றாள் நதியா, "இப்ப வரும்."